இடப்பக்கத்து ஊசித்துளை

என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். பதில் சொன்னால் கேட்டவருக்குச் சிரிப்பு வரும். அதனால் கல்யாண வீடுகளில் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டு, யார் கண்ணிலும் படாமல் வெளியே வந்துவிடுவது என் வழக்கம். அப்படியும் ஒருமுறை என் மாமனார் பந்தியில் எதிரே உட்கார்ந்து, பூனை வாயைத் திறந்தால் என்ன, மூடினால் என்ன, இதற்கெல்லாமா பட்டம் தருகிறார்கள் என்று கேட்டுவிட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. பாயசம் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

சிரிப்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். கையை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கை எழுதும்போது இடது கை சும்மா கிடக்கலாம். தாடை அப்படியில்லை. அது ஒரே எலும்பு, காதுக்கு அருகில் இரண்டு பக்கமும் தொங்குகிறது. ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் மூடியிருக்க முடியாது. ஆக, இடப்பக்கத் தசைக்கும் வலப்பக்கத் தசைக்கும் உத்தரவு சேர்ந்தே போக வேண்டும். அந்த உத்தரவைக் கொடுக்கும் நரம்பு செல்கள் மூளைத்தண்டில், கழுத்துக்குச் சற்று மேலே இருக்கின்றன. பூனையில் அந்தத் தண்டு நம் கட்டைவிரல் அளவுகூட வராது. அதற்குள் இடப்பக்கத்தில் இருக்கும் ஒரு செல், தன் பக்கத்துத் தசைக்கு மட்டும் உத்தரவு போடுகிறதா, எதிர்ப்பக்கத்துக்கும் சேர்த்தா? வாயைத் திறக்கும் தசை விஷயத்தில் இதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. எந்தப் பக்கம் என்ற ஒரே கேள்வி. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உடலியங்கியல் நடத்துகிறேன். வரும் கல்வியாண்டுக்குள் முனைவர் பட்டம் வரவில்லையென்றால் என் இடத்துக்கு வேறு ஆள் பார்ப்பதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. எனவே பூனை வாய் திறப்பதும் மூடுவதும் என் வீட்டில் அடுப்பு எரிவது சம்பந்தப்பட்ட விஷயம்.

பூனையை வைத்து இங்கே எதுவும் செய்ய முடியாது. அனுமதி கேட்டு எழுதியே தலை நரைத்துவிடும். என் நெறியாளர் ராஜகுமார் சார் நாகர்கோவிலில் ஓய்வுபெற்று இருக்கிறார். அவருக்கு ஜப்பானில் பழைய சிநேகிதர் ஒருவரின் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே ஒரு வருடம் போய் இருந்தேன். பூனையை மயக்கத்தில் வைத்து, மூளைத்தண்டில் வாய் திறக்கும் தசைக்கான இடத்தில், வலப்பக்கமாக, முடியளவு மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒரு பொருளைச் செலுத்துவோம். அது நரம்பு வழியாகப் பின்னோக்கி ஊர்ந்து, அங்கே உத்தரவு அனுப்பிய செல்களைப் போய்ச் சேரும். சில நாள் கழித்துப் பூனையின் உயிரை எடுத்து, தண்டை உறையவைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, மருந்தில் போட்டால் அந்தச் செல்கள் மட்டும் கருநீலத் துகள்களாகத் தெரியும். செம்பட்டை வால் பூனை ஒன்று ஊசி போடும் நாளன்று காலையில் என் உள்ளங்கையில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. இதை நல்லபடியாக முடித்துவிடுவேன் என்று அதனிடம் தமிழில் சொன்னேன்.

சீவிய துண்டுகள் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரில் மிதக்கும். மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக ஏந்திக் கண்ணாடித் தகட்டில் விரிக்க வேண்டும். மிதக்கும்போது துண்டு குப்புறப் புரண்டுவிடலாம். மூளைத்தண்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால், புரண்டதைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை; பொருள் செலுத்திய தடமும் ஓரிரு துண்டுகளில்தான் தெரியும். இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். அதற்காகச் சீவுவதற்கு முன்பே தண்டின் இடப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு மெல்லிய ஊசியைச் செருகி எடுத்துவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு துண்டிலும் பொட்டுப்போல ஒரு துளை இருக்கும். துளை இருக்கும் பக்கம் பூனையின் இடப்பக்கம். முதல் நாள் அங்கே இதைச் சொல்லித் தந்தார்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று யாராவது பேசிக்கொண்டா இருப்பார்கள்?

தகடுகளைப் பெட்டிகளில் அடுக்கி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல மடியில் வைத்து விமானத்தில் கொண்டுவந்தேன். அந்தக் கருநீலத் துகள்களுக்கு வெயிலும் சூடும் ஆகாது. மங்கிப் போகும். கல்லூரியில் எங்கள் துறையின் குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். இனி செய்ய வேண்டியது, ஒவ்வொரு துண்டையும் நுண்ணோக்கியில் பார்த்து, செல் இருக்கும் இடமெல்லாம் புள்ளி வைத்துப் படம் வரைவது. நுண்ணோக்கியின் பக்கவாட்டில் வரைவதற்கென்று ஒரு குழாய் உண்டு. அதில் பார்த்தால் துண்டும் கீழே வைத்த தாளும் பென்சில் முனையும் ஒன்றாகத் தெரியும். மேலே ஓட்டினால் போதும். ஆனால் என் கை ஓட்டினால் மூளைத்தண்டு சேனைக்கிழங்கு மாதிரி வந்தது.

அப்போதுதான் ஜாஸ்மி, என் மனைவி, நான் வரைந்து தரட்டுமா என்று கேட்டாள்.

ஜாஸ்மியின் கை குழித்துறைப் பக்கம் பேர்பெற்ற கை. கல்லூரியில் விலங்கியல் படித்த காலத்தில் பாதி வகுப்புக்கு ரெக்கார்டு நோட்டு வரைந்து கொடுத்தவள் அவள்தான். பிறகு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சராக இருந்தபோது, அவளிடம் ரெக்கார்டில் முழு மார்க் வாங்குவது பிள்ளைகளுக்குப் பெரிய காரியம். அழிப்பானின் தடம் தெரிந்தால் மார்க் போகும். கோடு இரண்டாக ஓடினால் மார்க் போகும். தவளையின் இதயம் ஒரு பக்கம் பருத்திருந்தால் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி வரையச் சொல்வாள். நம் ஊரில் படித்த எல்லோருக்கும் இந்த ரெக்கார்டு நோட்டு தெரியும். பூச்சியைப் பார்த்து வரைகிறோமோ இல்லையோ, புத்தகத்தில் இருக்கும் பூச்சியைவிட நம் பூச்சி அழகாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமைகளில் அவளைக் கல்லூரிக்குக் கூட்டிப் போவேன். அவள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் மத்தியானம் வரை எடுக்கமாட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். அங்கே வரைந்தது ரஃப். வீட்டுக்கு வந்து, கெட்டியான வெள்ளைத் தாளில் ஃபேர் காப்பி போடுவாள். தாளை நடுவில் மடித்து, ஒரு பாதியை ரஃப்பிலிருந்து எடுத்து, மடிப்பின் மேல் கரண்டியின் முதுகால் தேய்ப்பாள். விரித்தால் மறுபாதியும் விழுந்திருக்கும். இரண்டு பக்கமும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பிறகு புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்தப் பாதியில் இருந்ததோ அந்தப் பாதியில் வைப்பாள். நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்ப்பேன். இப்படி ஒரு பெண்டாட்டி வாய்த்தது என் அதிர்ஷ்டம் என்று துறையில் எல்லோரிடமும் சொன்னேன். படங்களைப் பார்த்த ராஜகுமார் சார், தன் சர்வீஸில் இவ்வளவு சுத்தமான படம் பார்த்ததில்லை என்றார்.

நல்ல நாள் அதோடு முடிந்தது.

எங்கள் கல்லூரியில் பொருட்களுக்குக் கால் உண்டு. இன்ஸ்பெக்‌ஷன் வரும் வாரத்தில் அவை நடக்கும். ஆய்வுக்குழு கீழ்த்தளத்தில் இருக்கும்போது அங்கே இருக்கும் நுண்ணோக்கிகள், குழு காபி குடித்துவிட்டு மேலே வருவதற்குள் மேல்தளத்துக்கு வந்துவிடும். ஒரே குளிர்பெட்டியைக் குழு வேறு வேறு துறைகளில் எண்ணிக்கொண்டு போகும். அந்த வாரம் ஜாஸ்மியின் பெரியப்பா இறந்து நாங்கள் குழித்துறையில் இருந்தோம். அலுவலக மேலாளர் முருகதாஸ், மாற்றுச் சாவி போட்டு எங்கள் குளிர்பெட்டியைக் காலி செய்து, நோயியல் துறைக்கு அனுப்பிவிட்டார். உள்ளே இருந்த என் தகடுகளை என்ன செய்தார் என்பதுதான் விசேஷம். வீணாகப் பெட்டிக்குள் கிடப்பானேன் என்று, ஆராய்ச்சி நடப்பது வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று, வெள்ளைத் தட்டுகளில் வரிசையாக அடுக்கி, மேற்குப் பார்த்த ஜன்னல் திண்டில் வைத்துவிட்டார்.

அது மீன மாதம், பங்குனி, பிறந்த வெயில். சவ அடக்கமும் ஜெபக்கூட்டமும் முடிந்து நான் திரும்பியபோது, கண்ணாடித் தகடுகளைத் தொட்டால் விரல் சுட்டது. நுண்ணோக்கியில் வைத்தேன். மூளைத்தண்டு இருந்தது, ஊசித்துளைகூட இருந்தது. நீலத் துகள்களைக் காணவில்லை. அடுத்ததை வைத்தேன். அதற்கடுத்ததை வைத்தேன். எல்லாவற்றிலும் வெளிறிய சதை மட்டும் மிச்சம். முருகதாஸிடம் போய்க் கத்தினேன். அவர் எழுந்து நின்று, ஆய்வுக்குழுத் தலைவர் அந்தத் தகடுகளைப் பார்த்துத்தான் நம் கல்லூரியைப் பாராட்டினார் என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்த மனுஷனை என்ன செய்வது?

போனில் ராஜகுமார் சார்தான் ஆறுதல் சொன்னார்.

“படம் இருக்குல்லா மக்கா. தகடு போனா போவட்டு. எல்லாம் படத்துல ஏத்தியாச்சுல்லா.”

உண்மைதான். ஒவ்வொரு செல்லும் ஜாஸ்மியின் படத்தில் புள்ளியாக இருந்தது. புகைப்படம் எடுக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். எடுத்தேன். அழகான செல்களை மட்டும் பெரிதாக்கி எடுத்தேன், ஓரம் எதுவும் தெரியாமல். அவை சுவரில் மாட்டத்தான் ஆகும். ஆனால் படங்கள் இருந்தன. அந்தத் தெம்பில் நான் ஆய்வேட்டை எழுதி முடித்தேன்.

பல்கலைக்கழகக் குழுவின் கடைசிக் கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். கூட்டம் முழுக்க எதுவும் கேட்கவில்லை. எழுந்திருக்கும் நேரத்தில் படங்களைப் புரட்டிவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் இவற்றில் பூனையின் இடப்பக்கம் எது என்று குறிக்கவில்லையே, குறித்துவிட்டுச் சமர்ப்பியுங்கள் என்று மட்டும் சொன்னார். சரி என்றேன். ஊசித்துளை இருக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து போட வேண்டும், அவ்வளவுதானே. ஒரு சாயங்கால வேலை.

வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன். முதல் படத்தில் துளையைத் தேடினேன். இல்லை. இரண்டாவதில் இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். எல்லாப் படத்தையும் தரையில் பரப்பினேன். அப்பழுக்கில்லாத மூளைத்தண்டுகள், ஒன்றில்கூடத் துளை கிடையாது. இதே படங்களை மாதக்கணக்கில் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் கண் அழகைப் பார்த்ததே தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

ஜாஸ்மியைக் கூப்பிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

“அந்தக் கிழிசலா? எல்லாத்துலயும் ஒண்ணு இருந்துது. எல்லாம் ஒரே போல கிழிஞ்சிருக்கேன்னு நானும் நெனச்சேன். ஃபேர்ல அத விட்டுட்டேன். படத்துல ஓட்ட இருந்தா மார்க் போவும்லா?”

ரஃப் எங்கே என்று கேட்டேன். எனக்கே பதில் தெரியும். பழைய தாளெல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போகும் வீடு எங்களுடையது. காய்ந்த தென்னோலைச் சூட்டோடு வைத்துப் பற்ற வைப்பது பெரும்பாலும் நான்தான்.

அன்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு டிவி ஒலி குறைந்தது. டீச்சர் என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படியா என்றேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன். அவள் தரையில் கிடந்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் மடங்காமல் அடுக்கி வைத்துவிட்டு, உள்ளே போனாள். அது என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

பிறகு சில நாள் அவள் தானாகவே வந்து உட்கார்ந்து நினைவுபடுத்திப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, எடப்பக்கம்னுதான் ஓர்மை என்பாள். கொஞ்ச நேரத்தில், இல்ல, சிலதுல வலப்பக்கமும் உண்டு என்பாள். சிலது புரண்டிருக்கும் என்பது எனக்கும் தெரியும். எவை என்பதுதான் கேள்வி.

தகடுகளில் துளை இருக்கிறது, செல் இல்லை. படங்களில் செல் இருக்கிறது, துளை இல்லை. எந்தப் படம் எந்தத் துண்டு என்ற எண்ணும் ரஃப்போடு எரிந்துவிட்டதால், வடிவத்தை வைத்தே இரண்டையும் பொருத்திவிட்டால் போதும் என்று கிளம்பினேன். நிஜமான துண்டில் ஒரு பக்கம் கொஞ்சம் பருத்திருக்கும், மறுபக்கம் ஓரம் சிதைந்திருக்கும், ரத்தக்குழாய் ஒன்று எங்காவது கோணலாக ஓடும். படத்திலும் அந்தக் கோணல் இருந்தால் எது எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். கல்லூரி விட்டபின் தினமும் உட்கார்ந்தேன். படத்தைத் தகட்டோடு வைத்துப் பார்ப்பேன், பொருந்தும். படத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் பின்பக்கமாக வைத்துப் பார்ப்பேன், அப்படியும் பொருந்தும். ஜாஸ்மியின் மூளைத்தண்டில் கோணலே கிடையாது. கரண்டி முதுகால் தேய்த்து எடுத்த பாதிகள். கடவுள் படைத்த பூனைக்குக்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது. சதி செய்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்ய முடியாது, அவளோ எனக்கு நல்ல பெயர் வரட்டும் என்று செய்தாள்.

என் தாடை வலிக்க ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் வாயைத் திறக்க முடியவில்லை. தோசையைப் பிய்த்து உள்ளே தள்ள வேண்டியிருந்தது. எங்கள் கல்லூரியிலேயே பல் டாக்டரான சபிதா பார்த்துவிட்டு, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள், அப்படி என்ன மனக்கவலை என்று கேட்டார். தாடை என்றேன். வலிக்கும் இடத்தைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அது தெரிகிறது, கவலை என்ன என்று மறுபடி கேட்டார். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் மீன் கழுவும் நேரம் மதிலுக்கு ஒரு பூனை வரும். ஜாஸ்மி சாளைத் தலைகளை எறிவாள். தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, ஒரு பக்கக் கடைவாயில் வைத்து நறநறவென்று கடிக்கும். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்துக்கு மாற்றும். எந்தச் செல் சொல்கிறது, எந்தத் தசை கேட்கிறது என்று அதற்கு ஒரு கவலையும் இல்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் துடைப்பத்தை எடுத்து வீசினேன். அது குதித்துப் போய் அடுத்த மதிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. ஜாஸ்மி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து அதன் இடத்தில் வைத்தாள்.

ஆய்வேட்டைப் பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியபோது நாகர்கோவிலுக்குப் போய் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படங்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். நான் அவருடைய கடைசி மாணவன். எனக்குப் பட்டம் வந்தால்தான் தன் கணக்கு முடியும் என்று அடிக்கடி சொல்வார். கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

“ஓட்டதானே? போட்டுக்கோ,” என்றார்.

எந்தப் பக்கம் சார் என்றேன். அவர் விளக்கினார். ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒரு பாதியில் புள்ளிகள் அதிகம். முன்பு வந்த கட்டுரைகளைப் பார், அவை எந்தப் பக்கம் அதிகம் என்கின்றனவோ அதற்குத் தோதாக ஒவ்வொரு படத்திலும் துளையை வைத்துக்கொண்டு போ. எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்து வந்துவிடும். கேள்வி கேட்ட அம்மாவும் திருப்தியாகிவிடுவார். தகடுகளோ வெளுத்துவிட்டன, எவரும் சரிபார்க்க முடியாது.

“பூன வந்து சாட்சி சொல்லப் போவுதாடே?”

சாயங்காலம் போன் செய்வதாகவும், அதற்குள் முடித்துவிட்டால் மறுநாளே பைண்டிங்குக்குக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். பார்வதிபுரம் தாண்டும்போது இது திருட்டு என்று தோன்றியது. வில்லுக்குறி வரும்போது, இதில் திருட என்ன இருக்கிறது, சரியாக இருப்பதற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டே என்று தோன்றியது. தக்கலையில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன். ஒரு வருடம் அந்நிய ஊரில் கிடந்திருக்கிறேன். முருகதாஸின் ஜன்னலுக்கும் மீன மாத வெயிலுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் சேர்த்து நான் ஏன் வேலையை இழக்க வேண்டும்? கோபம் இருந்ததால் முடிவு எளிதாக இருந்தது. ஒரே சிக்கல், துளையை நான் போட்டால் தனியாகத் தெரியும். ஜாஸ்மியின் கோட்டுக்கு ஜாஸ்மியின் பென்சில்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துப் படங்களை வைத்தேன். ஒவ்வொன்றிலும் இடப்பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். சார் சொன்னதைச் சொல்லவில்லை. அவள் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. பென்சிலைச் சீவினாள், முனையைப் பழைய தாளில் தேய்த்துக் கூராக்கினாள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தான் அடைத்த ஓட்டைகளைத் தானே திறந்து தர ஒரு வழி கிடைத்ததே என்று நினைத்திருப்பாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. முதல் தாளை முன்னால் இழுத்து, தாளின் இடது பாதிக்குப் பென்சிலைக் கொண்டுபோனவள், அப்படியே நிறுத்தினாள்.

“இடப்பக்கம்னா, தாளுக்க எடப்பக்கமா, பூனைக்க எடப்பக்கமா?”

பூனையின் இடப்பக்கம் என்றேன்.

“பூனைக்க எடப்பக்கம் இதுல எது?”

அவள் கேலி செய்யவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. இத்தனை மாதங்களில் அவள் என்னிடம் கேட்ட முதல் பாடம் அது. நான் அவளுக்குச் சொல்லித் தந்ததே இல்லை. பென்சில் முனை தாளின் நடு மடிப்புக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. நான் சொல்லும் பக்கம் அது இறங்கும். இந்தப் பக்கம் என்று விரலைக் காட்டினால் போதும், அடுத்த தாளுக்குப் போய்விடலாம். புள்ளிகளைப் பார்த்தேன். இடது பாதியில் அதிகம். சார் சொன்ன கணக்குப்படி எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் வலி சுள்ளென்று இழுத்தது. என் கையில் தலையை முட்டிய அந்தச் செம்பட்டை வால் பூனையின் துண்டாக இது இருக்குமோ என்று நினைத்தேன். அதுகூட எனக்குத் தெரியவில்லை.

“சொல்லுங்க. கை கடுக்குது.”

“தெரியாது,” என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“தெரியாதுன்னா பின்ன நான் எங்ஙன போடதுக்கு?”

போன் அடித்தது, சார்தான். துளையெல்லாம் போட்டாகிவிட்டதா என்று கேட்டார். இல்லை சார், எந்தப் பக்கம் என்று தெரியாது, இந்தப் படங்களை வைத்து இனி யாருக்கும் தெரியாது, இந்த ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது என்று சொன்னேன். வேலையைப் பற்றிக் கேட்டார். அது போகும் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். எனக்கு மனம் லேசாகவெல்லாம் இல்லை. கையில் கிடைத்ததை எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுகூட முடிவாகவில்லை.

ஜாஸ்மி பென்சிலை மேசையில் வைத்தாள். முதல் தாளை எடுத்து, நடுவில் அவள் போட்டிருந்த பழைய மடிப்பிலேயே மடித்தாள். இரண்டு பாதியும் இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின.